மீரா: யாழ்ப்பாணத்து முற்றத்திலிருந்து ஒரு முதிய இரட்டை வெள்ளியைப் பின்தொடர்வது எப்படி

திமிங்கில விண்மீன் தொகுதியின் கழுத்தில் ஒரு வெள்ளி இருக்கிறது. ஒரு மாதம் வெறுங்கண்ணுக்குத் தெரியும், சில மாதம் கழித்து அந்த இடம் வெறுமையாக இருக்கும், அதே வருடத்துக்குள் திரும்பவும் வரும். அதன் பெயர் மீரா. தாவித் பப்ரீசியசு என்ற பாதிரியார் 1596 ஆவணியில் இதைக் கண்டு குறித்தார். 1638இல் ஒல்வார்டா என்ற வானியலாளர் இது பதினொரு மாதத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்று கண்டார். 1662இல் எவேலியசு என்ற வானியலாளர் "அதிசயம்" என்ற பொருளில் மீரா என்று பெயர் வைத்தார். இந்த வழிகாட்டி அந்த வெள்ளியைத் தேடிப் பிடிக்கவும், அதன் ஒளியை எண்ணாக எழுதவும், அந்த எண் பயன்படும் இடத்துக்கு அனுப்பவும்தான். தொலைநோக்கி தேவையில்லை.

ஊர்ப்பேச்சில் விண்மீன் எல்லாமே வெள்ளிதான், இங்கும் அப்படியே. விடிவெள்ளியாகிய கோளை இந்தக் கட்டுரை தொடவில்லை.

எதைப் பார்க்கப் போகிறீர்கள்

மீரா ஒன்றல்ல, இரண்டு. பெரியது, மீரா ஏ, வயதான சிவப்பு இராட்சத வெள்ளி. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் அதன் மேற்பரப்பு செவ்வாயின் ஒழுக்கு வரை வரும். மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,000 கெல்வின். உள்ளே எரிபொருள் முடிந்துகொண்டு வருவதால் அது ஒரே நிலையில் நிற்பதில்லை. சராசரியாக 332 நாளுக்கு ஒருமுறை ஊதிச் சுருங்குகிறது. சிறியது, மீரா பி, ஏற்கெனவே தன் காலத்தை முடித்து ஒடுங்கிய வெண்குறுமீன். இராட்சதன் காற்றைப்போல் வெளியே வீசும் வாயுவில் ஒரு பங்கை அது தன்பக்கம் இழுத்து, தன்னைச் சுற்றித் தட்டுப்போலச் சுழலவிட்டு விழுங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றப் பல நூறு வருடம் எடுக்கும். தூரம் சுமார் 300 ஒளியாண்டு. ஆகவே இன்று இரவு கண்ணில் விழும் ஒளி, யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் இருந்த காலத்தில் புறப்பட்டது.

ஒளி கூடிக்குறைவதற்கு ஊதிச் சுருங்குவது மட்டும் காரணமல்ல. இராட்சதன் குளிரும்போது அதன் வளிமண்டலத்தில் டைட்டேனியம் ஒட்சைட்டு போன்ற மூலக்கூறுகள் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திரைபோட்டதுபோல் மறைக்கின்றன. அகச்சிவப்பில் அளந்தால் மாற்றம் மிகக் குறைவு. நம் கண்ணுக்குத்தான் அது காணாமல்போகிறது.

ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும்: இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்களால் முடியாது. அவற்றுக்கிடையே தெரியும் இடைவெளி ஒரு பாகைச் செக்கனின் (பாகையின் 3,600இல் ஒரு பங்கு) பாதியளவு. 1923இல் ஏய்ட்கன் என்ற வானியலாளர் துணையை முதலில் கண்ணால் கண்டது லிக் வானாய்வகத்தின் 91 சென்ரிமீற்றர் வில்லைத் தொலைநோக்கியில். விற்பவர் என்ன சொன்னாலும் அதற்கென்று தொலைநோக்கி வாங்க வேண்டாம். இராட்சதனின் மூச்சை எண்ணுவதுதான் நம்மால் ஆகும் வேலை. அது சின்ன வேலையும் அல்ல.

எப்போது

மீரா வான்நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் ஓடும் கோடு) 3 பாகை தெற்கே இருக்கிறது. யாழ்ப்பாணம் வடக்கு 9.7 பாகையில். ஆகவே அது உச்சியைக் கடக்கும்போது தலைக்கு நேர்மேலிருந்து 13 பாகைதான் தெற்கே சாய்ந்திருக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலானவர் பாதி உயரத்துக்கும் கீழே தேடும் வெள்ளியை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். நகர வெளிச்சம் மிகக் குறைவாகக் கெடுக்கும் இடமும் அந்த உச்சிதான்.

சிக்கல் மழை. மீரா நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஐப்பசியில், வாடை மாரி தொடங்கும் நேரம். கார்த்திகை முழுக்க முகில். வசதியான காலம் இரண்டு. தை, மாசியில் இருட்டியதும் பார்க்கலாம்: தை முற்பகுதியில் இரவு எட்டு மணிக்கு உச்சியில் நிற்கும், மாசி நடுவில் அதே நேரத்தில் மேற்கே பாதி உயரத்துக்கு இறங்கியிருக்கும். மற்றது ஆடி, ஆவணி விடியப்புறம்: ஆவணிக் கடைசியில் இரவு பத்து மணிக்குக் கிழக்கே எழும்பி, விடியமுன் நாலு மணிக்கு உச்சிக்கு வரும். பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி முடியும்வரை சூரியனுக்குக் கிட்ட நிற்பதால் விட்டுவிடுங்கள். (மாதங்களை ஊர் வழக்கப்படி சனவரிக்குத் தை, பெப்ரவரிக்கு மாசி என்றே எழுதியிருக்கிறோம்.)

332 நாள் என்பது வருடத்துக்கு 33 நாள் குறைவு. ஆகவே உச்ச ஒளி வரும் நாள் வருடாவருடம் சுமார் ஒரு மாதம் முன்னே நகரும். பதினொரு சுற்று சேர்ந்தால் ஏறக்குறையப் பத்து வருடம். உச்சம் சித்திரையில் விழும் வருடங்களில் அது சூரியனோடு போய்விடும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இந்த வருடம் எங்கே நிற்கிறது என்று தெரிய, மாறும் வெள்ளிகளை நோக்குவோருக்கான அமெரிக்கச் சங்கத்தின் (ஏ.ஏ.வி.எஸ்.ஓ.) இணையத்தளத்தில் "ஓமி செட்" என்ற குறியீட்டை ஆங்கிலத்தில் அடித்து ஒளிவளைகோட்டை (ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டுப்படம்) பாருங்கள். ஏறுவது வேகம், சுமார் மூன்றரை மாதம். இறங்குவது ஆறுதல். வெறுங்கண்ணுக்கு எட்டும் காலம் ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து மாதம்.

நிலவுக்கு நாட்காட்டி போதும். போயா (முழுநிலவு) நாளுக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாளைத் தவிருங்கள். சிவப்பு வெள்ளியை நிலவொளியில் மதிப்பிட்டால் எண் பிசகும்.

என்னென்ன வேண்டும்

ஒரு சாய்மனைக் கதிரை. இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. 77 பாகை உயரத்தில் நிற்கும் ஒன்றை நின்றபடி பத்து நிமிடம் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், கை நடுங்கும், அவசரத்தில் எண் பிழைக்கும். கதிரையை மேற்கோ கிழக்கோ அல்ல, தெற்கு நோக்கிப் போடுங்கள்.

ஒரு கொப்பி, பென்சில். பேனை மை பனியில் ஊறும். ஒரு ரோச், அதன் முகத்தில் சிவப்பு ரொபித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். ஒரு மடிப்பு போதாது, கொப்பியில் விழும் வெளிச்சம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இன்னும் வெள்ளை கசிகிறது என்று பொருள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும்; கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தால் அந்த அரைமணி நேரம் பாழ். ஏ.ஏ.வி.எஸ்.ஓ. தளத்தில் கிடைக்கும் மீராவின் வானப் படத்தை முன்கூட்டியே தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

நுளம்புத்திரியை காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். புகை கண்ணுக்கு முன்னால் போனால் மங்கல் வெள்ளி மறையும்.

மீரா பொலிவெண் (ஒளியின் அளவு, எண் கூடினால் மங்கல்) 5ஐத் தாண்டி மங்கிய பிறகு இருகண்நோக்கி வேண்டும். 7×50 அல்லது 10×50 (முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்வில்லையின் அகலம் மில்லிமீற்றரில்). கடையில் வாங்கும்போது அதை வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, ஒரு கை தூரத்திலிருந்து கண்வில்லைகளைப் பாருங்கள்: உள்ளே தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு சதுரம்போல் தெரிந்தால் உள்ளே உள்ள அரியம் மலிவானது. பிறகு தூரத்துப் பனையுச்சி ஒன்றைப் பார்த்து, கருவியை மெல்ல முகத்திலிருந்து விலக்குங்கள். பனை இரண்டாகப் பிரிந்தால் குழாய்கள் கோணல். விலை குறைத்தாலும் வேண்டாம். இருபது, முப்பது மடங்கு உருப்பெருக்கம் என்று பெரிதாக எழுதிய சிறிய கருவிகளும் வேண்டாம், கையில் நிற்காது.

யாழ்ப்பாணத்தில் கருவியைக் கெடுப்பது கடற்காற்றின் உப்பும் ஈரமும். மாசிப் பனியில் வில்லை மங்கும்போது சாரத்து நுனியால் துடைத்தால், படிந்திருக்கும் உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். துடைக்காமல் உள்ளே கொண்டுபோய்க் காயவிடுங்கள். முன்கூட்டியே தடுக்க, கறுப்பு மட்டையைச் சுருட்டி முன்வில்லைக்கு முன்னால் பத்து சென்ரிமீற்றர் நீளக் குழாய் மாட்டினால் போதும். பகலில் காற்றுப்புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலதோடு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாரியிலேயே உள்ளே பூஞ்சணம் கோலம் போடும்.

எங்கிருந்து

உச்சத்துக்குக் கிட்ட இருக்கும்போது நல்லூரிலோ கொக்குவிலிலோ வீட்டு முற்றமே போதும். தெருவிளக்கு நேரே கண்ணில் படாமல் சுவரோ கிணற்றடி வேலியோ மறைத்தால் சரி. மங்கிய மாதங்களுக்கு இருட்டு வேண்டும். சாட்டி, நெடுந்தீவு, வடமராட்சி கிழக்கில் மணற்காடு நல்லவை. அடிவானம் தேவையில்லாததால் கடற்கரைக்கே போகத் தேவையில்லை, தோட்டவெளியும் போதும். ஆனால் பகலில் ஒருமுறை போய் இடத்தைப் பாருங்கள். கட்டில்லாத தோட்டக் கிணறு இருட்டில் தெரியாது.

தேடிப் பிடித்தல்

தை மாதம் இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். கைமுட்டியை நீட்டிப் பிடித்தால் 10 பாகை. நடுவிரல் மூன்றும் சேர்ந்தால் 5 பாகை. இந்த அளவு போதும்.

முதலில் கார்த்திகைக் கூட்டம், அதன் கீழே சிவந்த ரோகிணி. ரோகிணியைச் சேர்த்து ஆங்கில 'வி' எழுத்துப்போல் ஒரு கூட்டம் தெரியும். அந்த 'வி'யின் கூர் முனை காட்டும் திசையில், தென்மேற்காக இரண்டு முட்டிக்குச் சற்று அதிகம் போங்கள். தனியே நிற்கும் செம்மஞ்சள் வெள்ளி மென்கார், திமிங்கிலத்தின் தலை. பொலிவெண் 2.5.

மென்காரிலிருந்து மேற்கே மூன்று விரல் அகலம்: காமா செட்டி ("செட்டி" என்றால் திமிங்கிலத் தொகுதிக்குரியது), 3.5. அதிலிருந்து தென்மேற்கே 3 பாகை: டெல்டா செட்டி, 4.1. அங்கிருந்து தென்மேற்காக இன்னும் 6 பாகை, அதாவது மூன்று விரலுக்குக் கொஞ்சம் கூட. அந்த இடம்தான் மீரா. சரிபார்க்க இன்னொரு வழி: தென்மேற்கில் பாதி உயரத்தில், அக்கம்பக்கம் வேறொன்றும் பிரகாசமாக இல்லாத வெளியில் டிஃப்டா (2.0) நிற்கும். மென்காரையும் டிஃப்டாவையும் மனதால் நூல் பிடித்து இணையுங்கள். மென்கார்ப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மீரா அந்த நூலின்மேல் இருக்கும். 2026இலும் 2027இலும் சனி இந்தப் பக்கம், மீன விண்மீன் தொகுதியில் நிற்பதால் அதை டிஃப்டா என்று எடுத்துவிடாதீர்கள். டிஃப்டா மினுங்கும், சனி மினுங்காது.

புதியவர் அதிகம் வழுக்குவது இங்கேதான். மீரா மங்கியிருக்கும்போது அதற்கு மேற்கே 2 பாகைக்குள் நிற்கும் 66 செட்டியையோ, வடக்கே நிற்கும் 70 செட்டியையோ மீரா என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் ஏறக்குறைய 5.5. மாதக்கணக்கில் உங்கள் கொப்பியில் 5.5 மாறாமல் நின்றால், நீங்கள் பார்ப்பது மீரா அல்ல.

எண் எழுதுதல்

பொலிவெண் குறைந்தால் வெள்ளி பிரகாசம். ஐந்து எண் வித்தியாசம் நூறு மடங்கு. மீரா வழக்கமாக 3க்கும் 9க்கும் இடையே ஆடுகிறது, அதாவது சுமார் 250 மடங்கு. சில சுற்றில் 2ஐத் தொடும். 1779இல் ரோகிணிக்குக் கிட்டத்தட்ட வந்தது. உச்சம் ஒவ்வொரு முறையும் வேறு. முன்கூட்டிச் சொல்ல முடியாதது அதுதான், உங்கள் எண்ணுக்கு மதிப்பு வருவதும் அதனால்தான்.

முறை எளிது. மீராவை விடச் சற்றுப் பிரகாசமான ஒன்றும் சற்று மங்கலான ஒன்றும் தெரிவுசெய்யுங்கள். காமா (3.5), டெல்டா (4.1) என்று வைப்போம். இடைவெளி 0.6. மீரா காமாவை விட மங்கல், ஆனால் டெல்டாவுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியிருக்கிறது என்று கண் சொன்னால், 3.5 உடன் 0.2 கூட்டி 3.7. அவ்வளவுதான். ஒரு தசமத்துக்கு மேல் எழுத வேண்டாம், கண்ணுக்கு அந்தத் திறமை இல்லை. ஏ.ஏ.வி.எஸ்.ஓ. படங்களில் 35, 41 என்று தசமப் புள்ளி இல்லாமல் இருக்கும். புள்ளி போட்டால் அதுவும் ஒரு வெள்ளி என்று தோன்றிவிடும் என்பதால் அப்படி.

மீரா சிவப்பு என்பதால் ஒரு தொல்லை. சிவப்பு வெள்ளியை உற்று உற்றுப் பார்க்கப் பார்க்க அது கண்ணில் பிரகாசம் கூடிக்கொண்டே போகும். பத்து விநாடி முறைத்தால் 3.7 என்பது 3.3 ஆகத் தெரியலாம். ஆகவே முறைக்காதீர்கள். மீராவை ஒரு கண்வீச்சு, காமாவை ஒரு கண்வீச்சு, டெல்டாவை ஒரு கண்வீச்சு. இப்படி நாலைந்து தரம் மாறி மாறிப் பார்த்து, முதலில் மனதில் பட்ட எண்ணை எழுதுங்கள். இருகண்நோக்கியில் பார்த்தால் குவியத்தைக் கொஞ்சம் கலைத்து, வெள்ளிகளைச் சிறு வட்டப் பொட்டுகளாக்கி ஒப்பிடுங்கள். நிறம் மங்கி ஒப்பீடு எளிதாகும். தலையைச் சரித்து, ஒப்பிடும் இரண்டும் கண்களுக்குச் சமாந்தரமாக வரும்படி வையுங்கள். ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால் கண் ஒருபக்கம் சாயும்.

இன்னொரு பிழை உள்ளேயிருந்து வரும்: போன கிழமை 3.9 எழுதியது நினைவில் இருந்தால் இன்று 3.8 என்றுதான் கண்ணுக்குத் தெரியும். பழைய பக்கத்தைத் திருப்பாமல் எழுதுங்கள். கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

மாசிக் கடைசியில் மீரா 30 பாகைக்குக் கீழே இறங்கினால் நிறுத்துங்கள். தாழ்வில் தடித்த காற்று ஒளியைக் குடிக்கும். ஒப்பிடும் வெள்ளி உயரே நின்றால் மீரா அநியாயமாக இரண்டு மூன்று தசமம் மங்கலாகத் தெரியும்.

அனுப்புதல்

ஏ.ஏ.வி.எஸ்.ஓ. 1911 முதல் இந்த எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. தளத்தில் கணக்குத் திறந்து நோக்கர் குறியீடு ஒன்று பெற வேண்டும், பணம் கேட்பதில்லை. படத்தில் அச்சிட்டிருக்கும் படக் குறியீட்டையும், ஒப்பிட்ட இரண்டு வெள்ளிகளின் எண்களையும், உங்கள் மதிப்பையும், நேரத்தையும் நிரப்புங்கள். மீராவே தெரியாமல், 5.4 வெள்ளி வரை தெரிந்தால் "5.4ஐ விட மங்கல்" என்ற குறியோடு அனுப்பலாம். அதுவும் தகவல்தான்.

நேரம் யூலியன் நாளில், அதாவது மாதம், வருடம் இல்லாமல் நாட்களை ஒரே தொடராக எண்ணும் வானியல் கணக்கில். இது பயமுறுத்தும், ஆனால் நமக்கு வசதி. யூலியன் நாள் மாறுவது உலக நேரப்படி நண்பகலில், அதாவது இலங்கை நேரம் மாலை 5.30க்கு. ஆகவே நம் இரவு முழுவதும் ஒரே யூலியன் நாளுக்குள் அடங்கும், நள்ளிரவு தாண்டினாலும் எண் மாறாது. 2026 சனவரி 1 மாலை 5.30க்கு 2461042.0. சனவரி 10 இரவு 8.30க்கு நோக்கினால், ஒன்பது நாள் கூட்டி 2461051; 5.30இலிருந்து மூன்று மணித்தியாலம், அதை 24ஆல் பிரித்தால் 0.125. எழுத வேண்டியது 2461051.1. மீராவுக்கு ஒரு தசமம் தாராளம். புதியவர்கள் ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்க மறப்பதுதான் வழக்கமான பிழை.

மீரா இல்லாத மாதங்களுக்கு

சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, சோளகம் வீசும் வறண்ட காலத்தில், இதே வகையான இன்னொரு சோடி உயரே நிற்கும்: வடமகுட விண்மீன் தொகுதியில் "டி". இங்கும் ஒரு சிவப்பு இராட்சதன், ஒரு வெண்குறுமீன். ஆனால் மிக நெருக்கம், 227 நாளில் ஒருமுறை சுற்றுகின்றன. இராட்சதனிடமிருந்து இழுத்த ஐதரசன் வெண்குறுமீனின் மேல் படிந்து படிந்து, ஒருநாள் வெப்பமும் அழுத்தமும் எல்லை தாண்டியதும் முழுப் படலமும் ஒரேயடியாக வெடிக்கும். 1866 மே 12இலும் 1946 பெப்ரவரி 9இலும் அப்படி வெடித்தது. சாதாரணமாக 10ஆம் பொலிவெண்ணில் கிடப்பது சில மணித்தியாலத்தில் 2 அல்லது 3க்கு ஏறி, ஏறக்குறைய ஒரு கிழமையில் வெறுங்கண்ணுக்கு மறையும். 2024 முதல் உலகெங்கும் நோக்கர்கள் இதில் கண் வைத்திருக்கிறார்கள்.

இதற்கான வேலை அரை நிமிடம். சுவாதியைப் பிடியுங்கள், செம்மஞ்சளாக, அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் விடப் பிரகாசம். அதிலிருந்து வடகிழக்கே இரண்டு முட்டியில் அல்ஃபெக்கா (2.2), அதைத் தொட்டு அரைவட்டமாக மங்கல் வெள்ளிகள், வடக்கே திறந்த மகுடம். ஆடி மாதம் இருட்டியதும் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். அரைவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் எப்சிலான் (4.1), அதற்குத் தென்கிழக்கே ஒரே பாகையில், சுண்டுவிரல் அகலத்தில் அந்த இடம். அங்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் "இல்லை" என்று நேரத்தோடு எழுதிவிட்டுப் போய்ப் படுக்கலாம்.

தெரிந்தால் உடனே கைபேசியை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள், விமானமும் செய்மதியும் அதற்குள் நகர்ந்துவிடும். நகரவில்லை என்றால் அல்ஃபெக்காவோடும் எப்சிலானோடும் ஒப்பிட்டு எண்ணை எழுதி, நிமிடத்தையும் சேர்த்துக் குறித்து, அதற்குப் பிறகு கைபேசியை எடுத்து அனுப்புங்கள். பிறகு அரைமணிக்கு ஒருமுறை, மேற்கே பனைகளுக்குள் இறங்கும்வரை, எழுதிக்கொண்டே இருங்கள்.